பார்த்த படத்தைப் பற்றிச் சொல்வதும் மதிப்பெண் இடுவதும்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

படம் பார்த்துவிட்டு வந்ததும் முதலில் காதில் விழும் கேள்வி "படம் எப்படி?" என்பதுதான். "நல்லா இருக்கு", "சுமார்", "ஒரு தடவை பார்க்கலாம்" என்று ஏதோ ஒரு பதிலைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். கேட்டவர் நம்மோடு பல ஆண்டுகள் பழகியவர் என்றால் அந்த ஒற்றைச் சொல்லே அவருக்குப் போதும். நமக்கு எது பிடிக்கும், எதற்கு முகம் சுளிப்போம் என்பது அவருக்கு முன்பே தெரியுமாதலால், நாம் சொல்லாமல் விட்டதை அவரே நிரப்பிக்கொள்வார். நம்மை அறியாத ஒருவர் படிக்கும்படி அதே கருத்தை எழுதும்போது அந்த வசதி கிடைப்பதில்லை. "சுமார், 5-க்கு 2.5" என்ற வரியைப் படிப்பவருக்கு உங்களைப் பற்றியும் எதுவும் தெரியாது, படத்தைப் பற்றியும் எதுவும் தெரியாது.

பார்த்த படங்களைப் பற்றி எழுதி மற்றவர்களோடு பகிர வேண்டும் என்று இப்போதுதான் தொடங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன். எந்தக் கருத்தையும் நான் ஒரே ஓர் உரைகல்லில்தான் உரசிப் பார்க்கிறேன். உங்கள் ரசனைக்கு நேர் எதிரான ரசனை உள்ள ஒருவர் நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, தான் அந்தப் படத்தைப் பார்க்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க முடிகிறதா? உங்களுக்குப் பிடிக்காத படத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தே "அப்படியானால் எனக்கு இது பிடிக்கும்" என்று ஒருவர் பார்க்கக் கிளம்பினால், உங்கள் எழுத்து தன் வேலையைச் செய்துவிட்டது. கீழே சொல்லப்போகும் படிகள் எல்லாமே அந்த இடத்துக்குப் போய்ச் சேர்வதற்கானவை.

படம் தொடங்குவதற்கு முன்

முதல் வேலை மிகச் சிறியது. படத்திடம் நீங்கள் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்பதை ஒரே வரியில் எழுதி வைத்துவிடுங்கள். "முன்னோட்டத்தைப் பார்த்தால் விறுவிறுப்பான துப்பறியும் கதை போலத் தெரிகிறது" என்ற அளவுக்கு எழுதினாலே போதும். பலருடைய எரிச்சல், பார்த்த படத்தின் மீது எழுவதில்லை; பார்க்க நினைத்து வந்த படம் திரையில் வரவில்லையே என்றுதான் எழுகிறது. விளம்பரம் துப்பறியும் கதை என்று சொல்லி அழைத்துவந்து, படமோ துக்கத்தைப் பற்றிய நிதானமான குடும்பக் கதையாக இருந்தால், ஏமாற்றம் உண்மையானதுதான்; அந்த ஏமாற்றத்தில் எவ்வளவு விளம்பரத்தைச் சேரும், எவ்வளவு படத்தைச் சேரும் என்று பிற்பாடு பிரித்துப் பார்க்க இந்த ஒரு வரி உதவும். மற்றவர்கள் இட்ட மதிப்பெண்களை முடிந்தவரை முன்கூட்டிப் பார்க்காதீர்கள். ஓர் எண் கண்ணில் பட்டுவிட்டால், அதை ஒட்டியோ வெட்டியோ பேசத்தான் மனம் விரும்புமே தவிர, தானாக ஓர் எண்ணைத் தேடிப் போகாது.

அடுத்து, எந்தச் சூழலில் பார்க்கிறீர்கள் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். திரையரங்கிலா, வீட்டுத் தொலைக்காட்சியிலா, கைப்பேசியிலா. மூல மொழியிலா, மொழிமாற்றுக் குரலிலா, துணைத்தலைப்போடா. ஒரே மூச்சிலா, இரண்டு மூன்று நாள்களாகப் பிரித்தா. சில்லறைத் தகவல்களாகத் தெரிந்தாலும், "ஒலி மோசம்", "வசனம் செயற்கை" போன்ற பல தீர்ப்புகளின் வேர் இங்கேதான் இருக்கிறது. கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியால் ஆழ்ந்த தாழ்சுருதி ஒலிகளை எழுப்ப முடியாது. திரையரங்கில் நெஞ்சுக்கூடு அதிர வைத்த ஓர் இடி முழக்கம் கைப்பேசியில் தகரத்தைத் தட்டுவது போலக் கேட்டால், அதற்கு ஒலிக்கலவை செய்தவர் பொறுப்பாக மாட்டார். மொழிமாற்றுக் குரலில் பார்த்தவர் நடிகரின் குரல் நடிப்பைப் பற்றி எதையும் சொல்ல முடியாது. குரல் கொடுத்தவரைப் பற்றி வேண்டுமானால் சொல்லலாம்.

இதில் நானே தவறியிருக்கிறேன். வீட்டில் பார்த்த ஒரு படத்தின் ஒளிப்பதிவு தொலைக்காட்சித் தொடரைப் போல மலிவாக இருப்பதாக எழுதி, அதற்காகவே அரை நட்சத்திரத்தைக் குறைத்தேன். சில வாரங்கள் கழித்து அதே படத்தை வேறொரு திரையில் தற்செயலாகப் பார்த்தபோது அந்த மலிவுத்தன்மை மாயமாகியிருந்தது. காரணம், என் தொலைக்காட்சியில் இயக்கத்தில் இருந்த ஓர் அமைப்பு. திரைப்படம் பொதுவாக நொடிக்கு 24 சட்டகங்களாக, அதாவது 24 தனித்தனி நிழற்படங்களாக, எடுக்கப்படுகிறது. பல தொலைக்காட்சிகள் அந்தச் சட்டகங்களுக்கு இடையே தாங்களே புதிய சட்டகங்களைக் கணித்துச் செருகி, அசைவை வழுவழுப்பாக்கிவிடுகின்றன. இதனால் எந்தப் படமும் படப்பிடிப்புத் தளத்தில் நேரடியாக எடுத்த நாடகம் போலத் தோன்றும். 2018 டிசம்பரில் நடிகர் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் இந்த அமைப்பை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள் என்று வேண்டிக் காணொளி வெளியிட்டதும், 2019-இல் இந்தச் செருகலை நிறுத்திவைக்கும் 'ஃபிலிம்மேக்கர் மோட்' என்ற தனி அமைப்பு தொலைக்காட்சிகளுக்கு அறிவிக்கப்பட்டதும் இதனால்தான். ஒளிப்பதிவைப் பற்றி ஒரு வரி எழுதுவதற்கு முன் உங்கள் தொலைக்காட்சியின் படக்காட்சி அமைப்புகளுக்குள் ஒருமுறை போய்ப் பாருங்கள். நான் பார்க்காமல் எழுதியது ஒருவருடைய உழைப்பைப் பற்றிய தவறான சாட்சியம். அதைத் திருத்தி எழுதிய பிறகும் அந்த உறுத்தல் எனக்கு முழுவதும் போகவில்லை.

முடிந்ததும் முதல் ஒரு மணி நேரம்

படம் ஓடும்போது குறிப்பெடுக்காதீர்கள். தொழில்முறை விமர்சகர்களுக்கு அது பழக்கம்; புதியவர்களுக்கு அது படத்திலிருந்து கண்ணை விலக்கும் வேலை. திரையரங்கில் என்றால் கைப்பேசி வெளிச்சம் பக்கத்தில் இருப்பவரின் படத்தையும் சேர்த்துக் கெடுக்கும். திரையைப் புகைப்படமோ காணொளியோ எடுத்துக் கருத்தோடு சேர்த்துப் பகிர்வது அதைவிடத் தவறு.

படம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள், யாரோடும் விவாதிப்பதற்கு முன், நினைவில் நிற்பதைத் துண்டு துண்டாக எழுதிவிடுங்கள். வாக்கியமாக இருக்க வேண்டியதில்லை. இதற்கு ஒரு முறை வைத்திருக்கிறேன். படத்தின் நீளத்தை நான்காகப் பகுத்து, ஒவ்வொரு காற்பகுதியிலிருந்தும் குறைந்தது ஒரு காட்சியையாவது எழுத வேண்டும். இரண்டு மணி நேரப் படம் என்றால் ஒவ்வொரு அரை மணி நேரத்துக்கும் ஒன்று.

ஏன் இப்படிப் பகுக்க வேண்டும் என்பதற்கு நல்ல காரணம் உண்டு. 1993-இல் பார்பரா ஃபிரெட்ரிக்ஸன், டேனியல் கானமன் என்ற இரு உளவியலாளர்கள், மனத்துக்கு இதமான படத்துண்டுகளையும் அருவருப்பூட்டும் படத்துண்டுகளையும் மக்களுக்குக் காட்டி, பின்னர் அந்த அனுபவத்தை மதிப்பிடச் சொன்னார்கள். துண்டு எவ்வளவு நேரம் ஓடியது என்பது மதிப்பீட்டைப் பெரிதாக மாற்றவில்லை. உணர்ச்சி உச்சத்தை எட்டிய கணமும் முடிந்த கணமுமே மதிப்பீட்டைத் தீர்மானித்தன. முழு நீளப் படத்திலும் இதை நாம் அனுபவித்திருக்கிறோம். கடைசிப் பத்து நிமிடம் கண்ணீர் வரவழைத்தால், நடுவில் கொட்டாவி விட்ட ஐம்பது நிமிடத்தை மன்னித்துவிடுகிறோம். முடிவு பிடிக்காவிட்டால், அதுவரை நாற்காலி நுனியில் உட்கார்ந்து பார்த்ததை மறந்துவிடுகிறோம். நினைவு இப்படி நடந்துகொள்வதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் நீங்கள் சாட்சி சொல்வது முழுப் படத்துக்கும். மூன்றாவது காற்பகுதியிலிருந்து எவ்வளவு யோசித்தும் ஒரு காட்சிகூட நினைவுக்கு வரவில்லை என்றால் அதையே குறித்துக்கொள்ளுங்கள். "இரண்டாம் பாதி இழுவை" என்று பொதுவாகச் சொல்வதைவிட அது துல்லியமான தகவல்.

எழுதிவிட்டு ஓர் இரவு தூங்குங்கள். மறுநாள் காலையில் குறிப்புகளைப் படிக்கும்போது, முந்தின நாள் பெரிதாகத் தெரிந்த சில தாமாகவே உதிர்ந்திருக்கும், சில கூடுதலாக வளர்ந்திருக்கும்.

"அருமை" என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தல்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். புதியவர்கள் எழுதும் கருத்துகளில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் ஏறக்குறைய ஒரு டஜன்: அருமை, சூப்பர், வேற லெவல், வாழ்ந்திருக்கிறார், மனதைத் தொட்டது, மறுபக்கம் மொக்கை, இழுவை, லாஜிக் இல்லை, ஓவர் ஆக்டிங். இவற்றில் எதையும் நான் தடை செய்யச் சொல்லவில்லை. உணர்ச்சி உண்மையாக இருக்கும்போது சொல்லும் உண்மையாகத்தான் இருக்கிறது. ஆனால் இவை தீர்ப்பை மட்டுமே சொல்கின்றன. எதைப் பார்த்துவிட்டு அந்தத் தீர்ப்புக்கு வந்தீர்கள் என்பதைச் சொல்வதில்லை. ஆகவே முதல் வரைவில் அவற்றைத் தாராளமாக எழுதுங்கள், பிறகு ஒவ்வொன்றின் கீழும் கோடிட்டு, "திரையில் என்ன நடந்தபோது எனக்கு இப்படித் தோன்றியது?" என்று கேட்டு, அந்தப் பதிலை அதன் இடத்தில் வையுங்கள்.

எடுத்துக்காட்டுக்காக ஒரு படத்தைக் கற்பனை செய்துகொள்வோம். வீட்டைவிட்டுப் போன மகன் பத்து ஆண்டுகள் கழித்துத் திரும்பி வருகிறான். அதைப் பற்றிய முதல் வரைவு இப்படி இருக்கிறது: "அப்பாவாக நடித்தவர் வாழ்ந்திருக்கிறார். மகன் திரும்பி வரும் காட்சி மனதைத் தொட்டது. பின்னணி இசை வேற லெவல்." இதைப் படிப்பவருக்கு எழுதியவர் நெகிழ்ந்திருக்கிறார் என்பது மட்டும் புரிகிறது. இப்போது அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டு மறுபடி எழுதுவோம்: "வாசலில் நிற்கும் மகனைப் பார்த்து அப்பா ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. உள்ளே போய் இன்னொரு தட்டை எடுத்துவந்து மேசையில் வைக்கிறார். அவர் முகத்தைக் காட்டாமல் கேமரா அந்தக் கைகளிலேயே நிற்கிறது. தட்டு மேசையில் படும் ஓசை வரைக்கும் இசை இல்லை. அதன் பிறகுதான் ஒற்றைப் புல்லாங்குழல் மெல்ல எழுகிறது. இப்படிச் சொல்லாமல் சொல்லத் தெரிந்த படம், கடைசி அரை மணி நேரத்தில் அப்பாவை உட்காரவைத்து, பத்து ஆண்டுக் காலம் தான் பட்ட வேதனையை நீண்ட வசனமாகப் பேச வைப்பது எனக்குப் பெரிய குறையாகப் பட்டது."

இரண்டாவது வரைவை, மனத்தில் இருப்பதைக் கதாபாத்திரங்கள் வாய்விட்டுப் பேசுவதை விரும்பும் ஒருவர் படிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குக் குறையாகப் பட்ட அந்தக் கடைசி அரை மணி நேரத்துக்காகவே அவர் படத்தைப் பார்க்கப் போவார். உங்கள் தீர்ப்போடு அவர் உடன்படவில்லை. ஆனாலும் உங்கள் எழுத்து அவருக்குப் பயன்பட்டுவிட்டது.

யாருக்கு எந்தப் பாராட்டு என்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோவியத் இயக்குநர் லெவ் குலஷோவ் செய்த சோதனை திரைப்படம் பயில்பவர்கள் எல்லோருக்கும் சொல்லப்படுவது. இவான் மொஸ்ஜூகின் என்ற நடிகரின் சலனமற்ற ஒரே முகக் காட்சியை, ஒரு கிண்ணம் சூப், சவப்பெட்டியில் கிடக்கும் சிறுமி, சாய்வு இருக்கையில் ஒரு பெண் ஆகிய காட்சிகளோடு மாறி மாறி ஒட்டிக் காட்டியபோது, பார்த்தவர்கள் அவர் முகத்தில் பசியையும் துயரத்தையும் ஆசையையும் கண்டதாகச் சொன்னார்களாம். நாம் நடிப்பு என்று புகழ்வதில் ஒரு பகுதி படத்தொகுப்பாளர் செய்தது. எந்தக் காட்சியில் எது யார் கைவண்ணம் என்று வெளியிலிருந்து உறுதியாகச் சொல்ல முடியாது. எனவே "அந்தக் காட்சியில் அவர் முகம் எனக்குத் துயரமாகத் தெரிந்தது" என்று உங்கள் கண் கண்டதை எழுதுவது நேர்மையானது. மலையும் கடலும் அழகாக இருப்பதாலேயே "ஒளிப்பதிவு அற்புதம்" என்று எழுதும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். ஓர் இருட்டறையில் இரண்டு பேர் பேசும் காட்சியில் யார் முகத்தில் வெளிச்சம் விழுகிறது, யார் நிழலில் உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள். ஒளிப்பதிவாளரின் முடிவுகள் அங்கேதான் தெளிவாகத் தெரியும்.

குறை சொல்வதற்கு இதைவிடக் கூடுதல் துல்லியம் தேவை. "இழுவை" என்று எழுதத் தோன்றும்போது, எந்தக் காட்சியை எடுத்துவிட்டால் படத்துக்கு ஒன்றும் ஆகாது என்று யோசியுங்கள். அப்படி ஒரு காட்சியைக் காட்ட முடிந்தால் அது உண்மையிலேயே தொய்வு. காட்ட முடியவில்லை என்றால், படம் வேண்டுமென்றே நிதானமாக நகர்கிறது, அந்த நிதானம் உங்களுக்கு ஒத்துவரவில்லை என்று பொருள். அதை அப்படியே எழுதலாம். "லாஜிக் இல்லை" என்பதற்கும் இதே சோதனைதான். மனிதன் பறக்கும் உலகத்தை ஒரு படம் முதல் காட்சியிலேயே காட்டிவிட்டால், அவன் பறப்பது லாஜிக் பிழை ஆகாது; பறக்கத் தெரிந்தவன் உச்சக்கட்டக் காட்சியில் மட்டும் காரணமே இல்லாமல் படியேறி ஓடினால் அதுதான் பிழை. படம் தனக்குத் தானே வகுத்துக்கொண்ட விதியை மீறுகிறதா என்று பாருங்கள்.

நடிப்பைக் குறை சொல்லும்போது நடிப்போடு நின்றுவிடுங்கள். ஒருவருடைய நிறம், உடல் பருமன், வயது, குரலின் இயல்பு ஆகியவற்றைக் கேலி செய்வதில் விமர்சனம் துளியும் இல்லை. குழந்தை நடிகர்கள் விஷயத்தில் நான் ஒரு படி மேலே போய், அவர்களைப் பற்றிக் கடுமையான ஒரு சொல்லும் எழுதுவதில்லை. அந்தக் குழந்தையை அப்படிப் பேச வைத்த முடிவு பெரியவர்களுடையது.

கதையை எவ்வளவு சொல்லலாம்

1960-இல் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் தன் 'சைக்கோ' படம் தொடங்கிய பிறகு யாரையும் அரங்குக்குள் விடக் கூடாது என்று ஏற்பாடு செய்தார். முடிவை வெளியே சொல்லாதீர்கள் என்றும் விளம்பரத்தில் கேட்டுக்கொண்டார். கதையை முன்கூட்டியே உடைத்துவிடுவதை ஸ்பாய்லர் என்கிறோம். அதனால் ரசிப்பு உண்மையிலேயே குறைகிறதா என்பது வேறு கேள்வி. 2011-இல் கலிஃபோர்னியா சான் டியேகோ பல்கலைக்கழகத்தின் இரு ஆய்வாளர்கள் 12 சிறுகதைகளை வைத்துச் சோதித்ததில், முடிவை முன்பே அறிந்து படித்தவர்கள் பெரும்பாலான கதைகளைச் சற்று அதிகமாகவே ரசித்ததாகக் கண்டார்கள். அது சிறுகதைகளைப் பற்றிய முடிவு. அதைச் சாக்காக வைத்துத் திருப்பத்தை உடைக்கும் உரிமை நமக்கு வந்துவிடாது. தெரிந்துகொண்டு பார்ப்பதா, தெரியாமல் பார்ப்பதா என்று தேர்வு செய்ய வேண்டியவர் பார்க்கப் போகிறவர்தான்.

நடைமுறையில் நான் பின்பற்றுவது இது. முதல் கால் மணி நேரத்தில் நடப்பதையும், முன்னோட்டத்திலேயே காட்டப்பட்டதையும் தயங்காமல் சொல்வேன். அதற்கு அப்பால் உள்ளதை, என்ன நடக்கிறது என்று சொல்லாமல், எப்படி நடக்கிறது என்று சொல்வேன். முடிவைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும் என்றால், எச்சரிக்கையைத் தலைப்பிலேயே போட்டுவிட்டு அந்தப் பகுதியைத் தனியாகப் பிரித்து எழுதுவேன். இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை: "கடைசியில் ஒரு பெரிய திருப்பம் இருக்கிறது" என்று சொல்வதும் ஸ்பாய்லர்தான். அந்த வரியைப் படித்தவர் படம் முழுவதும் திருப்பத்தைத் தேடிக்கொண்டே இருப்பார். பாதி வழியிலேயே கண்டுபிடித்தும்விடுவார்.

எண்ணைக் கடைசியில் எழுதுங்கள்

சொற்கள் எல்லாம் முடிந்த பிறகே மதிப்பெண்ணுக்கு வர வேண்டும். எண்ணை முதலில் முடிவு செய்தவர், பிறகு எழுதும் ஒவ்வொரு வரியையும் அந்த எண்ணுக்குத் தோதாக வளைக்கத் தொடங்கிவிடுவார். இதை என்னிடமே பலமுறை பார்த்திருக்கிறேன்.

வெவ்வேறு இடங்களில் காணப்படும் எண்கள் வெவ்வேறு பொருள் உடையவை என்பதையும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் விமர்சகர்கள் பகுதியில் வரும் விழுக்காடு, படம் எவ்வளவு நல்லது என்பதைச் சொல்வதில்லை. எத்தனை விமர்சகர்கள் சாதகமாக எழுதினார்கள் என்பதைத்தான் சொல்கிறது. நூறு விமர்சகர்களும் "பரவாயில்லை, 10-க்கு 6" என்று சாதகமாகவே எழுதினால் அந்தப் படத்துக்கு 100 விழுக்காடு கிடைத்துவிடும். பாதிப் பேர் காவியம் என்று கொண்டாடி, மீதிப் பேர் தாங்க முடியவில்லை என்று எழுதினால் 50 விழுக்காடுதான். 60-க்குக் கீழே இருப்பதால் 'அழுகல்' என்ற பட்டமும் சேர்ந்துகொள்ளும். எனக்கு இந்த இரண்டாவது வகைப் படத்தைப் பார்க்கத்தான் ஆவல் வரும். மெட்டாகிரிட்டிக் தளமோ விமர்சகர்களின் மதிப்பீடுகளை 100-க்கு மாற்றி, அவற்றுக்கு வெவ்வேறு எடை கொடுத்துச் சராசரி எடுக்கிறது. ஐஎம்டிபி 10-க்கு மதிப்பெண் கேட்கிறது. அங்கே காட்டப்படுவதும் வெறும் சராசரி அல்ல, எடையிட்ட சராசரி. அமெரிக்காவின் சினிமாஸ்கோர் நிறுவனம் படம் வெளியான முதல் இரவிலேயே பார்வையாளர்களிடம் கேட்டு, பள்ளிக்கூடத் தேர்வு போல ஏ பிளஸ் முதல் எஃப் வரை தரம் போடுகிறது. முதல் நாளே ஆசையோடு வந்தவர்களின் தரம் அது என்பதால், அதில் பி என்பது பாராட்டாகக் கருதப்படுவதில்லை.

நெட்ஃபிளிக்ஸ் 2017-இல் ஐந்து நட்சத்திர முறையைக் கைவிட்டு, கட்டைவிரலை உயர்த்துவதற்கும் தாழ்த்துவதற்கும் மாறியது. அங்கே காட்டப்பட்ட நட்சத்திரம், அந்தக் குறிப்பிட்ட பயனருக்கு இந்தப் படம் எந்த அளவு பிடிக்கும் என்ற கணிப்பு. பலர் அதைப் பொதுமக்களின் சராசரி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். விளக்கம் இல்லாத எண்ணுக்கு ஆளாளுக்கு ஒரு பொருள் வைத்துக்கொள்வார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஆகவே உங்களுக்கென ஓர் அளவை வகுத்து, அதன் பொருளையும் எழுதி வையுங்கள். புதியவர்களுக்கு 5 நட்சத்திர அளவு வசதியானது. பார்த்த படங்களைப் பதிந்து மதிப்பெண் இட உதவும் லெட்டர்பாக்ஸ்ட் செயலியில் உள்ளது போல அரை நட்சத்திரங்களையும் சேர்த்துக்கொண்டால் பத்துப் படிகள் கிடைக்கும். 100-க்கு மதிப்பெண் போடுவது தேவையற்ற நுணுக்கம். 73-க்கும் 74-க்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால் போட்டவராலேயே சொல்ல முடியாது. என் அளவு எளியது. மூன்று நட்சத்திரம் என்றால் நேரம் வீணாகவில்லை, ஆள் பார்த்துப் பரிந்துரைப்பேன். நான்கு என்றால் தயங்காமல் யாருக்கும் சொல்வேன். ஐந்து என்றால் மறுபடி பார்க்காமல் இருக்க முடியாது, படத்தில் குறை இருந்தாலும் பொருட்டில்லை. இரண்டு என்றால் எண்ணம் நன்றாக இருந்தும் படமாகக் கூடிவரவில்லை. ஒன்று என்பதை மிகவும் அரிதாகத்தான் பயன்படுத்துகிறேன். எடுத்தவர்களுக்கே அக்கறை இல்லாமல் போன படங்களுக்கு மட்டும். உங்கள் அளவு இதிலிருந்து முற்றிலும் மாறுபடலாம். எழுதி வைத்திருக்க வேண்டும் என்பதுதான் கட்டாயம்.

அதன் பிறகு ஒவ்வொரு படிக்கும் ஒரு மைல்கல் படத்தைத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் பலமுறை பார்த்த, கருத்து இனி மாறாது என்று நினைக்கிற ஐந்து படங்கள் போதும். புதிய படத்துக்கு 4 போடத் தோன்றினால், உங்கள் நான்கு நட்சத்திர மைல்கல்லுக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பார்த்து, அதனோடு நிற்கிறதா என்று கேளுங்கள். பார்த்த சூட்டில் கை தாராளமாவதை இந்த ஒப்பீடு அடக்கும். ஒரே மனிதர் நாளுக்கு ஒரு விதமாக மதிப்பெண் போடுவார் என்பது அனுபவத்தில் தெரிந்ததுதான். நெட்ஃபிளிக்ஸ் 2006-இல் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்து நடத்திய பரிந்துரைக் கணிப்புப் போட்டியில், 2009-இல் வென்ற குழுவினர் தங்கள் கணக்கில் சேர்த்துக்கொண்டவற்றில், ஒருவரின் மதிப்பெண் அன்றன்றைய மனநிலையால் ஏறி இறங்குவதும் ஒன்று.

இருபது படங்களுக்கு மதிப்பெண் இட்ட பிறகு பட்டியலை ஒருமுறை பாருங்கள். எல்லாம் 3.5-க்கும் 4.5-க்கும் இடையிலேயே குவிந்திருந்தால், உங்கள் கையில் இருப்பது மூன்றே படிகள் கொண்ட அளவுகோல். பிடிக்கும் என்று தோன்றும் படங்களையே நாம் தேடிப் பார்ப்பதால் சராசரி மூன்றுக்கு மேல் இருப்பது இயல்பு. ஆனால் எல்லாமே ஒரே இடத்தில் நெருக்கிக்கொண்டு நின்றால் அந்த எண்ணிலிருந்து படிப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது.

பிடித்தது வேறு, தரமானது வேறு என்று மனம் இரண்டாகப் பிரியும் நேரமும் வரும். குறைகள் அத்தனையும் தெரிந்தே நேசிக்கும் படங்கள் எல்லோருக்கும் உண்டு. லெட்டர்பாக்ஸ்டில் நட்சத்திரத்துக்குத் தனியாகவும் இதயக் குறிக்குத் தனியாகவும் இடம் இருப்பது இதற்கு வசதி. அப்படி வசதி இல்லாத இடத்தில், "2.5, ஆனாலும் எனக்கு மிகவும் நெருக்கமான படம்" என்று எழுதுவதில் எந்த முரண்பாடும் இல்லை.

பகிரும்போதும் பகிர்ந்த பின்னும்

முதல் வரியிலேயே பார்த்த சூழலைச் சொல்லிவிடுங்கள்: "துணைத்தலைப்போடு, வீட்டுத் தொலைக்காட்சியில், ஒரே அமர்வில்." அடுத்து உங்கள் மனத்தில் முதலில் நிற்கும் ஒரு காட்சி, பிறகு நிறை குறைகள், யாருக்குப் பிடிக்கும் என்ற கணிப்பு, கடைசியாக எண். இருநூறு சொற்கள் தாராளம். பாதியில் நிறுத்திய படத்துக்கு மதிப்பெண் போடாதீர்கள். எந்த நிமிடத்தில், ஏன் நிறுத்தினீர்கள் என்று எழுதினால் அதுவே பயனுள்ள கருத்து. படத்தில் வேலை பார்த்தவர் உங்கள் நண்பர் என்றாலோ, நுழைவுச்சீட்டு இலவசமாக வந்திருந்தாலோ அதைச் சொல்லிவிட வேண்டும். பார்க்காத படத்துக்கு, அதை எடுத்தவர் மீதுள்ள கோபத்தாலோ அன்பாலோ மதிப்பெண் போடுவது பொய்ச்சாட்சி. வெளிவராத படங்களுக்குக் கருத்துகள் குவிந்ததால்தான், 2019-இல் ராட்டன் டொமேட்டோஸ் படம் வெளியாகும் முன் பார்வையாளர் கருத்திடும் வசதியை எடுத்துவிட்டு, நுழைவுச்சீட்டு வாங்கியதை உறுதிசெய்யும் முறையைக் கொண்டுவர வேண்டியிருந்தது.

மறுத்துப் பேசுபவர்கள் வருவார்கள். "உங்களுக்குச் சினிமா புரியவில்லை" என்று ஒருவர் எழுதினால், "உங்களுக்கு எந்தக் காட்சி பிடித்தது?" என்று கேட்டுப் பாருங்கள். காட்சியைச் சொல்பவரோடு பேச்சு வளரும். நீங்கள் கவனிக்காமல் விட்ட ஒன்றை அவர் காட்டவும் கூடும். காட்சியைச் சொல்லாதவருக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

ஒருவர் காட்டிய காட்சியாலோ, மறுமுறை பார்த்ததாலோ உங்கள் கருத்து மாறினால், பழைய மதிப்பெண்ணை அழிக்காமல் தேதியோடு அப்படியே விட்டு, அதன் கீழே புதிய தேதியையும் புதிய எண்ணையும் எது மாறியது என்ற ஒரு வரியையும் சேருங்கள். பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் 1952 முதல் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் சிறந்த படங்களைக் கேட்டுப் பட்டியலிடுகிறது. 1958-இல் வெளியான ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' 1962-இலும் 1972-இலும் அதன் முதல் பத்தில் இல்லை. 1982-இல் உள்ளே வந்து, 2012-இல் முதலிடம் பிடித்து, 2022-இல் இரண்டாம் இடத்துக்கு இறங்கியது. பழைய பட்டியல்கள் எதையும் அந்த இதழ் மறைத்துவிடவில்லை என்பதால்தான் இந்தப் பயணத்தை இன்று நம்மால் பார்க்க முடிகிறது. உங்கள் பட்டியலிலும் பத்து ஆண்டு கழித்து அப்படி ஒரு படம் ஏறி வந்திருக்கும். அது எந்த எண்ணிலிருந்து ஏறியது என்பது அப்போது உங்களுக்குத் தெரிய வேண்டும்.